முறை தவறிய அடி

“பத்து நாள்ல இதைக் கத்துக்க முடியுமா?” என்று கேட்டார் கனகசபை.

“எதை?” என்றாள் மாஸ்டர்.

“இந்த ஆட்டத்தைத்தான்.”

“ஆட்டம்னா ஒரு நாள் போதும் சார்.”

அவ்வளவுதான். புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா இல்லையா என்று புரியாமல் வேலியோரம் நின்றார் கனகசபை.

நெல்லிக்கொம்பையில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணி ஒன்பது குழி. இருப்பதிலேயே நீளமான குழிக்கே நூற்றிருபது தப்படிதான். ஒரு தேயிலைக் கம்பெனி ஊரைக் காலி செய்தபோது பேரூராட்சிக்கு விட்டுவிட்டுப் போன சரிவு நிலம். வாசலில் ‘யாரும் ஆடலாம்’ என்று பலகை.

யாரும்தான் ஆடினார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் ஆடினார். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் டூட்டி முடிந்து, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வந்து ஆடினார். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்களுக்காகவே வெட்டிய மைதானம் அது. பெரிய மைதானங்களில் ஆடுகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாஸ்டரின் பெயர் ஜெசிந்தா. பேரூராட்சி உத்தரவுப்படி அவள் வேலை புல் வெட்டுவது. கற்றுக்கொடுப்பது எந்த உத்தரவிலும் இல்லை. வெட்டிய நேரம் போக ஆடிப் பழகினாள். தப்பாக ஆடுகிறவர்களைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல் திருத்தினாள். ஊர் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது.

அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கனகசபைக்கு அறுபத்தெட்டு. மகள் வயதுப் பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிட முதல் நாள் அவருக்கு நாக்கு வரவில்லை. இரண்டாம் நாள் வந்துவிட்டது. தேவை அப்படி.

தேவை இதுதான். பதினோரு வருஷமாகப் பேசாத தம்பி, கனடாவிலிருந்து செல்போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்.

‘அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். உங்க ஊரில் கோல்ஃப் மைதானம் இருக்காமே. ஆடலாமா?’

அண்ணே என்ற சொல் அதில் இல்லை. கனகசபை முப்பது தடவை படித்துப் பார்த்துவிட்டார். இல்லைதான்.

‘ஆடலாம்’ என்று பதில் போட்டார். பிறந்ததிலிருந்து மட்டையைத் தொட்டதில்லை என்று போடவில்லை.

*

முதல் பாடம் குழிக்குப் பக்கத்தில் நடந்தது.

குழியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பந்தை வைத்தாள்.

“போடுங்க.”

போட்டார். சின்னக் குழந்தைகூடப் போட்டுவிடும்.

இரண்டு சாண் தள்ளி வைத்தாள். போட்டார். மூன்று சாண். குழியின் விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. மறுபடி ஒரு சாணுக்கே கொண்டுபோய் வைத்தாள்.

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை இதே கூத்து. கனகசபை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“எல்லாரும் அந்தக் கோடியிலேர்ந்து வீசி அடிக்கிறாங்க மாஸ்டர். என்னை மட்டும் குழிகிட்டயே உக்கார வெச்சிருக்கீங்க.”

“தூரத்துல தப்பு பண்ணா அடுத்த அடியில சரி பண்ணிக்கலாம் சார். கிட்ட வந்து பண்ற தப்புக்குத்தான் வழியில்ல.”

அவர் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். பந்தை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

“போடுங்க.”

*

கனகசபை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, இந்த மலையூருக்குக் குடிவந்தவர். முப்பத்தாறு வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்டேஷன்களில் பச்சைக் கொடி ஆட்டியவர். வண்டிக்குள் ஒரு மந்திரியின் மைத்துனர் ஏற வேண்டும், இரண்டு நிமிஷம் நிறுத்துங்கள் என்று யாரோ கேட்டபோது, கொடியை ஆட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதையை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். கேட்டவர்களும் அடடா என்றிருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், ஸ்டேஷனோடு நின்றிருந்தால்.

கறாரான மனிதர். அதனால் ஆட்டமும் சீக்கிரம் கைவந்தது. சொன்ன நேரத்துக்கு வருவார். சொன்னதைச் சொன்னபடி செய்வார். மட்டை மண்ணைக் கொத்திப் புல்லைப் பெயர்த்துவிட்டால், பெயர்ந்த துண்டை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்து மிதிக்க வேண்டும் என்றாள் மாஸ்டர். அதையும் வரிசையாகச் செய்தார். முதல் இரண்டு நாள் அவர் ஆடியதைவிட மிதித்ததுதான் அதிகம்.

ஐந்தாம் நாள் பந்து மேலெழும்பிப் பறந்தது. எண்பது தப்படி போயிருக்கும். கனகசபை வாய்விட்டுச் சிரித்தார்.

“பார்த்தீங்களா மாஸ்டர்?”

“பார்த்தேன் சார். உங்க தம்பி நல்லா ஆடுவாரா?”

“ஆடுவான்னுதான் நெனைக்கிறேன். எனக்கு எங்க தெரியும்?”

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

*

ஏழாம் நாள் மாஸ்டர் தன் மட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம். எனக்கு எதிரா நீங்க.”

முதல் குழியில் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது குழிக்கு, முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்து இருவரும் அடித்தார்கள். கனகசபையின் பந்து நன்றாகப் போய் விழுந்தது. விறுவிறுவென்று நடந்துபோய்ப் பந்துக்கு முன்னால் நின்றார், அடித்தார். பந்து குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் நின்றது.

மாஸ்டர் வந்தாள். அவர் பந்தைக் கையில் எடுத்தாள். அவர் அடித்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள். பிறகு பின்னால் போய்விட்டாள்.

“என்ன மாஸ்டர்?”

“கொஞ்சம் நில்லுங்க.”

ஏதோ காலை வைத்த விதம் சரியில்லை போலிருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மூன்றாவது குழியிலும் அதேதான் நடந்தது. அவர் போனார், அடித்தார். அவள் வந்தாள், எடுத்தாள், பழைய இடத்தில் வைத்தாள்.

“நல்லாத்தானே அடிச்சேன்?”

“நல்லாத்தான் அடிச்சீங்க.”

நான்காவது குழியில்தான் அந்த அதிசயம். முப்பது தப்படி தூரத்திலிருந்து அவர் ஒரு தட்டுத் தட்டினார். பந்து புல்லில் உருண்டது, மேட்டில் ஏறியது, இறங்கியது, கொடிக்கம்பில் மெல்ல மோதிக் குழிக்குள் விழுந்தது.

கனகசபை மட்டையைப் போட்டுவிட்டுக் குதித்தார். அறுபத்தெட்டு வயது முழங்கால் குதித்தது. “விழுந்துடுச்சு! மாஸ்டர், விழுந்துடுச்சு!”

மாஸ்டர் நிதானமாக நடந்து வந்தாள். குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தாள். சட்டையில் துடைத்தாள். முப்பது தப்படி நடந்து, அவர் அடித்த இடத்தில் வைத்தாள்.

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“இதென்னம்மா அநியாயம்? குழிக்குள்ள விழுந்த பந்து அது! இனிமே என் ஆயுசுக்கும் இப்படி ஒரு அடி விழாது. எனக்குக் கத்துக்குடுக்க இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க. மூணு தடவை ஆச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?”

“எம் பந்து எங்க சார் இருக்கு?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தெரியவில்லை. முன்னால் பார்த்தார், இல்லை. அந்தப் பக்கம், இந்தப் பக்கம். இல்லை.

“பின்னால.”

திரும்பினார். நாற்பது தப்படி பின்னால், தைலமரத்தடியில், முழங்கால் உயரப் புல்லில் அவள் பந்து கிடந்தது. அங்கிருந்து அவள் இன்னும் அதை அடிக்கவே இல்லை.

“குழிக்குத் தூரத்துல யார் பந்து கிடக்கோ, அவங்கதான் முதல்ல ஆடணும். கிட்ட இருக்கிறவங்க நிக்கணும். நீங்க முறை தவறி அடிச்சா, அந்த அடி வேண்டாம், திரும்ப வைங்கன்னு சொல்றதுக்கு எதிர்ல ஆடறவங்களுக்கு உரிமை இருக்கு சார். அடி எவ்வளவு நல்ல அடியா இருந்தாலும் சரி.”

கனகசபை நின்றார்.

“கிட்ட இருக்கிறவங்க...” என்றார்.

“நிக்கணும்.”

மட்டை புல்லில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

*

“எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு” என்றார். “அப்பாவுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைக்கணும். அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை.”

மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்கம்மாவுக்கு நான்தான் வெச்சேன்.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மாயவரத்தில். அம்மா கடைசி ஐந்து வருஷமும் அவர் வீட்டில்தான் இருந்தாள். இறந்த அன்றே தம்பி விமானம் ஏறிவிட்டான். மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குத் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து கூப்பிட்டான். கார் பிடித்துவிட்டேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்றான்.

“நாலு மணிக்கு எடுக்கறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. நாலு மணி ஆச்சு. அவன் வரல. சித்தப்பா சொன்னாரு, சின்னவன் வந்துடட்டும்டான்னு. புரோகிதரே சொன்னாரு, பொழுது சாயறவரைக்கும் நேரம் இருக்குன்னு. என் சம்சாரம் கையைப் புடிச்சா.”

“நீங்க?”

“நாலு மணின்னா நாலு மணின்னேன்.”

புல்லில் கிடந்த மட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“தம்பி நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தான். பொம்பளைங்க வாசலைக் கழுவி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அங்கேர்ந்து சுடுகாட்டுக்கு ஓடி வந்தான். செருப்பில்ல. தீ நல்லாப் புடிச்சு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. சத்தம் போடல. அழல. என்னைப் பார்த்தான். அப்புறம் தீயைப் பார்த்தான். மறுநாள் காலையிலயே கிளம்பிட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட இருக்கல.”

மாஸ்டர் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“இத்தனை வருஷமும் லேட்டா வந்தது அவன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டது நான்தானே, எனக்கு உரிமை இல்லையான்னு நெனைச்சேன். அம்மாவுக்குப் பக்கத்துல இருந்தது நான்தான். அதுக்கு...”

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அம்மா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று அவருக்கு அதற்கு நேரமில்லை.

மாஸ்டர் எழுந்து போய்த் தன் பந்தை அடிக்கவில்லை. அன்று அவர்கள் ஐந்தாவது குழிக்குப் போகவும் இல்லை.

*

மறுநாள் காலை வேலியோரம் காத்திருந்தார்.

“மாஸ்டர், நேத்து என் பந்தைத் திரும்ப எடுத்து வெச்சீங்களே. நானா எடுத்து வெச்சா என்ன?”

“நீங்களா வைக்க முடியாது. எதிர்ல ஆடறவங்க சொல்லணும்.”

“சொல்லலைன்னா?”

“கிடக்கிற இடத்திலேருந்துதான் ஆடணும்.”

“அந்த இடம் ரொம்ப மோசமான இடமா இருந்தா?”

அவள் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தாள். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தாள். கிளம்பியது. அந்தச் சத்தத்தில் அவள் ஏதாவது சொன்னாளா என்பது அவருக்குக் கேட்கவில்லை. சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் தோன்றியது.

*

ஞாயிற்றுக்கிழமை தம்பி தில்லைராஜன் வந்தான்.

அறுபத்தொரு வயது. தலை முழுக்க நரை. அம்மாவின் நெற்றி, அம்மாவின் மூக்கு. கனகசபைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு எட்டு முன்னால் வைத்தார். தம்பி கையை நீட்டினான். பாங்க் மேனேஜரிடம் கொடுப்பதுபோல் கையைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

“வீட்டுக்கு வா ராஜு. சாப்பிட்டுட்டு...”

“இல்ல. வழியிலயே சாப்பிட்டுட்டேன். அஞ்சு மணிக்குக் கீழ இறங்கணும். கோயம்புத்தூர்லேர்ந்து ஃப்ளைட். ஒன்பது குழிதானே, ஆடிடலாம்.”

கார் வாசலிலேயே நின்றது. டிரைவர் தலையைச் சாய்த்துத் தூங்கினான்.

தம்பி நன்றாக ஆடினான். அலட்டல் இல்லாத ஆட்டம். மைதானத்தைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அண்ணன் மண்ணைக் கொத்தியபோதும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கனகசபைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு குழியிலும் அவர் திரும்பிப் பார்த்தார். யார் பந்து பின்னால் கிடக்கிறது என்று பார்த்தார். பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருந்தது.

மூன்றாவது குழியில், தம்பி மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவரால் அடக்க முடியவில்லை.

“ராஜு, அன்னிக்கு நான்...”

“அடிக்கும்போது பேசக் கூடாதுண்ணே.”

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த அண்ணே. தம்பி அடித்தான். பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது.

ஆறாவது குழியில் தம்பியே பேசினான். பந்தைத் துடைத்துக்கொண்டே, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல.

“மாயவரத்துக்குக் கொஞ்சம் முன்னால ஒரு ரயில்வே கேட். மூடிட்டான். காரை விட்டு இறங்கி, கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கூட்ஸ் வண்டி. பெட்டியை எண்ணினேன். நாப்பத்திரெண்டு.”

எத்தனை மணிக்கு என்று கேட்கக் கனகசபைக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் அது எந்த வண்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்றுகூட அவரால் சொல்லியிருக்க முடியும். பாழாய்ப்போன பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“நீ எப்படியும் நிப்பாட்டி வெச்சிருப்பேன்னு நெனைச்சேன்” என்றான் தம்பி.

“தப்பு என்னோடதுடா.”

“தெரியும்.”

“அது உன் முறை ராஜு. நான் எடுத்துக்கிட்டேன்.”

தம்பி துடைப்பதை நிறுத்தினான். பந்தைச் சட்டைப் பையில் போட்டான், மறுபடி வெளியே எடுத்தான்.

“அம்மா முகத்தை நான் கடைசியாப் பார்த்தது போன்லதாண்ணே. அந்த போனும் கெட்டுப்போச்சு.”

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். இரண்டுக்கும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தார். இப்படி மெதுவாகச் சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ சொல் சேர்த்து வைத்திருந்தார், ஒன்றும் உதவவில்லை.

ஏழாவது குழி முடிந்தது. எட்டாவதும் முடிந்தது.

*

ஒன்பதாவது குழிக்கு வரும்போது நாலரை. மலைக்குப் பின்னாலிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஐந்து மணிக்கு மைதானத்தைப் பூட்ட வேண்டும். மற்ற எட்டுக் கொடிகளையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் மாஸ்டர் நின்றிருந்தாள்.

தம்பி மேடையிலிருந்து ஒரே அடி அடித்தான். கொடிக்கு ஒரு சாண் தள்ளிப் பந்து நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே.

கனகசபை அடித்தார். பந்து ஓடைக்குள் போய் விழுந்தது.

தண்ணீர் வற்றிய ஓடை. பந்து சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. இறங்கி அடித்தார். சேறு முகத்தில் தெறித்தது, பந்து அசையவில்லை. மறுபடி அடித்தார். கரையில் மோதி அங்கேயே திரும்பி வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். பனிக்கு நடுவே தம்பி தன் பந்துக்குப் பக்கத்தில், மட்டையைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

“நீ போட்டு முடிச்சுடு ராஜு!” என்று கத்தினார். “ஒரு தட்டுத் தட்டினா முடிஞ்சுது. நான் வர நேரமாகும்.”

“உன் முறைண்ணே.”

நாலாவது அடியில் பந்து ஓடையை விட்டு வெளியே வந்தது. ஐந்தாவது அடி கொடியையும் தாண்டி, தம்பியையும் தாண்டி, அந்தப் பக்கத்துப் புதருக்குள் போனது. புதருக்குப் போக அவர் தம்பியைக் கடந்துதான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கடந்தார். காலெல்லாம் சேறு.

ஆறாவது அடிக்குப் பந்து புதரை விட்டு வரவில்லை. கண் வேறு மறைத்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. டிரைவர் விழித்துக்கொண்டுவிட்டான்.

கனகசபை மாஸ்டரைப் பார்த்தார். பூட்டும் நேரமாயிற்று, நிறுத்துங்கள் என்று அவளாவது சொல்ல மாட்டாளா என்று பார்த்தார். அவள் கடைசிக் கொடியைக் குழியிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, பந்து வருவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஹாரன் மறுபடி அடித்தது.

“அஞ்சாயிடுச்சுடா” என்றார். “பனி இறங்கிடுச்சு. இப்பக் கிளம்பினாத்தான் ஃப்ளைட்டைப் புடிக்க முடியும். எனக்காக நிக்காதே ராஜு. நீ ஆடிட்டுக் கிளம்பு. ஃப்ளைட் போயிடும்டா.”

“போகட்டும்” என்றான் தம்பி. “நீதான் இன்னும் தூரத்துல இருக்க. வந்து சேருண்ணே, நான் நிக்கிறேன்.”